லட்சத்தில் எத்தனை பேர்?

2017 ஜூலை. கிருஷ்ணகிரி மாவட்டம், அஞ்செட்டிப் பக்கத்தில் ஒரு இளைஞருக்குக் காய்ச்சல். ரத்தத்தை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வந்த பதிலைப் பார்த்து அதிகாரிகளே கொஞ்சம் ஆடிப்போனார்கள். ஸிகா!

தமிழ்நாட்டின் முதல் ஸிகா நோயாளி அவர்தான். ஸிகா என்றால் பிரேசில், ஒலிம்பிக்ஸ், சின்னத் தலையோடு பிறந்த குழந்தைகள் என்று டி.வி-யில் பார்த்துப் பழகியிருந்த நமக்கு, "அஞ்செட்டிக்கு எப்படிய்யா வந்துச்சு?" என்று கேட்கத்தான் தோன்றும். அந்த மனிதர் வெளிநாட்டுக்கெல்லாம் போனவர் இல்லை. நல்லபடியாகக் குணமாகிவிட்டார். ஸிகா வந்தவர்களில் பெரும்பாலோருக்கு வந்ததே தெரியாது.

அதே ஆண்டு மே மாதம், அகமதாபாத்தில் மூன்று பேருக்கு வந்திருந்ததாக அறிவித்திருந்தார்கள். இவரையும் சேர்த்தால் நான்கு. 130 கோடி ஜனங்களில் நான்கே பேர். ஆனால், உலக வரைபடத்தில் வர்ணம் பூசுகிறவர்களுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. ஸிகா பரவும் தேசங்களின் பட்டியலில் காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை மொத்த இந்தியாவும் ஒரே வர்ணம்! ஜெர்மனியிலிருந்து ஓசூர் தொழிற்சாலை ஒன்றுக்கு மெஷின் பொருத்த வரப்போகும் ஒரு இன்ஜினீயரைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். கூடவே வர ஆசைப்படும் அவர் மனைவி நான்கு மாத கர்ப்பம். மேப்பைப் பார்க்கிறார்கள். வரலாமா, கூடாதா? மேப் பதில் சொல்லாது. பயமுறுத்த மட்டும்தான் அதற்குத் தெரியும்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. 1952-ல் புனேயில் வைரஸ் ஆராய்ச்சி மையம் ஆரம்பித்த புதிதில், இந்தியர்களின் ரத்தத்தை எடுத்து என்னென்ன வைரஸ்களின் தடயம் இருக்கிறது என்று தேடினார்கள். ஸிகாவுக்காகச் சோதித்த 196 பேரில் 33 பேரிடம் எதிர்ப்புப் பொருள் இருந்தது. (அதில் டெங்கு போன்ற சொந்தக்கார வைரஸ்களின் குழப்பமும் கலந்திருக்கலாம்.) ஆக, அஞ்செட்டிக்கு 2017-ல் வந்தது புது விருந்தாளியா, இல்லை திண்ணையில் ரொம்ப நாளாக உட்கார்ந்திருந்த ஆளை அன்றுதான் நாம் பார்த்தோமா? எத்தனை பேரைச் சோதித்தோம் என்பது தெரியாமல், எத்தனை பேருக்கு வந்தது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

அயலூருக்குப் போகிறவனுக்கு நோய் வரும் வாய்ப்பு எவ்வளவு என்பது ஒரு பின்னம். மேலே, நோய் வந்தவர்கள். கீழே, போனவர்கள். மேல் எண்ணைப் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போடும். கீழ் எண்ணைத் தேடுவதுதான் பெரும்பாடு. அதை முதன்முதலில் ஒழுங்காகத் தேடி எடுத்தவர்கள் யார் தெரியுமா? டாக்டர்கள்தான் என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். பட்டாளத்துச் சம்பளப் பட்டியல்!

கதை நம்ம ஓசூர் பக்கத்திலிருந்தே தொடங்கலாம்.

1791-ல் கார்ன்வாலிஸின் படை ஓசூரையும் ராயக்கோட்டையையும் பிடித்தது. மறு வருடமே திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் சீமை - அதாவது கிருஷ்ணகிரி வட்டாரம் - கம்பெனியின் கைக்கு வந்தது. 1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணமே விழுந்தது. திப்பு இறந்தார். ஜெயித்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அந்தக் காவிரித் தீவிலேயே காவல் இருந்தார்கள். சுற்றிலும் ஆறு, வாய்க்கால், நெல்வயல். பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால், பீரங்கிக்குத் தப்பிய சிப்பாய்கள் காய்ச்சலில் விழ ஆரம்பித்தார்கள். ஒரு மழைக்காலம், இரண்டு மழைக்காலம்... 'இது சரிப்படாது' என்று கடைசியில் 1809-ல் படையை மேட்டு நிலமான பெங்களூருக்கு மாற்றினார்கள். இன்றைக்கு 'கன்டோன்மென்ட்' என்று ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறதே, அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது இந்தக் காய்ச்சல்தான்.

கவனியுங்கள். ஸ்ரீரங்கப்பட்டணம், பெங்களூர் இரண்டுமே மைசூர் ராஜ்ஜியம்தான். நடுவில் ஒன்றும் கடல் இல்லை. ஆனால், ஒரு சிப்பாய்க்கு இரண்டும் வேறு வேறு உலகம். பின்னாளில் சேலம் கலெக்டர் பிரெட், ஓசூரின் குளிர் பிடித்துப்போய், இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டை மாதிரியிலேயே இங்கே ஒரு மாளிகை கட்டிக்கொண்டதும், பக்கத்துத் தளிக்கு 'லிட்டில் இங்கிலாந்து' என்று பெயர் வந்ததும் இதே மேட்டு நில மோகத்தில்தான். ஓசூர் கிட்டத்தட்ட 3,000 அடி உயரம். கீழே காவிரிக் கரைக்கு இறங்கினால் கதையே வேறு.

அன்றைக்கு யாருக்கும் கொசு மேல் சந்தேகம் இல்லை. 'கெட்ட காற்று' என்றுதான் நம்பினார்கள். மலேரியா என்ற இத்தாலியச் சொல்லுக்கு அர்த்தமே அதுதான். காரணம் தப்பு, முடிவு சரி. சரித்திரத்தில் இப்படி அடிக்கடி நடக்கும்!

முப்பது வருடம் கழித்து லண்டனில் ஒரு கேள்வி எழுந்தது. "நம்ம ஆட்களை உலகம் பூராவும் அனுப்புகிறோமே, எங்கே எத்தனை பேர் சாகிறார்கள்?" பதில் கண்டுபிடிக்க உட்கார்ந்தவர்கள் இருவர். ஒருவர் ஹென்றி மார்ஷல் - இலங்கையில் பல வருடம் வேலை பார்த்த ராணுவ டாக்டர். 1818 கண்டிக் கலகத்தை அடக்கப் போன வெள்ளைப் படையில், எதிரியின் கையால் செத்தவர்களைவிட நோயில் செத்தவர்கள் பல மடங்கு என்பதைக் கண்ணால் பார்த்தவர். இன்னொருவர் அலெக்சாண்டர் டல்லக் - கணக்கில் புலியான ஒரு லெப்டினன்ட்.

இவர்களுக்குக் கிடைத்த புதையல் என்னவென்றால், ராணுவத்தில் ஒவ்வொருவனுக்கும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். எனவே ஒவ்வொரு முகாமிலும் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது பைசா சுத்தமாக எழுதப்பட்டிருந்தது. பின்னத்தின் கீழ் எண் தயார்! செத்தவனுக்குச் சம்பளம் கிடையாது என்பதால் மேல் எண்ணும் தயார். 1838-லிருந்து வரிசையாக அறிக்கைகள் வெளிவந்தன. படித்தவர்கள் அதிர்ந்தார்கள்.

உள்நாட்டில், அதாவது பிரிட்டனில் இருந்த சிப்பாய்களில் வருடத்துக்கு ஆயிரத்தில் சுமார் 15 பேர் இறந்தார்கள். சென்னை ராஜதானியில் ஏறக்குறைய 50. ஜமைக்காவில் 130. மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில்... 483. ஆயிரத்தில் 483! ஒரு வருடத்தில் பாதிப் பேர் காலி. கப்பலில் ஏற்றும்போதே சவப்பெட்டிக்கும் சேர்த்து ஆர்டர் கொடுத்துவிடலாம். (நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சென்னையில் செத்தவர்களில் பலரைக் கொன்றது காலராவும் சீதபேதியும். ஆப்பிரிக்காவிலும் ஜமைக்காவிலும்தான் காய்ச்சல்கள், அதாவது மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும், முக்கியக் கொலையாளிகள்.)

அறிக்கைக்குள் இரண்டு சூட்சுமங்கள் ஒளிந்திருந்தன. ஒன்று, ஒரே ஜமைக்காவில் கடற்கரை முகாம்களில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள்; மலைமேல் இருந்த முகாமில் அப்படி இல்லை. அதாவது 'ஜமைக்கா ஆபத்து' என்ற வாக்கியமே அரைகுறை. இரண்டு, சியரா லியோனில் வெள்ளைக்காரன் 483 என்றால், அங்கேயே பிறந்து வளர்ந்து பட்டாளத்தில் சேர்ந்த ஆப்பிரிக்கச் சிப்பாய் 30 சொச்சம்தான். ஒரே முகாம், ஒரே கொசு. வித்தியாசம் தோலில் இல்லை. அவன் சின்ன வயதிலேயே அந்தக் காய்ச்சல்களைத் தாண்டி வந்தவன். குழந்தைகளாக இருக்கும்போதே செத்துப் போன அவனுடைய அண்ணன் தம்பிகள் எந்தச் சம்பளப் பட்டியலிலும் இல்லை. இந்த இரண்டாவது விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

இந்தக் கணக்குப் பித்து சென்னைக்கும் தொற்றியது. எழும்பூர் மியூசியத்தை 1851-ல் தொடங்கி வைத்த எட்வர்ட் பால்ஃபர் அடிப்படையில் ராணுவ டாக்டர். படைகளுக்கு ஆரோக்கியமான இடம் பார்த்து முகாம் போடுவது எப்படி என்று 1840-களிலேயே புள்ளிவிவரத்தோடு எழுதியவர். பொம்மை பார்க்கப் போகும் பள்ளிக் குழந்தைகளுக்கு இதையும் யாராவது சொல்லலாம்.

இடம் தெரிந்துவிட்டது. குற்றவாளி? அவனுக்கும் நம்ம வட்டாரத்தோடு தொடர்பு உண்டு.

1883. பெங்களூரில் ரொனால்ட் ராஸ் என்ற 26 வயது ராணுவ டாக்டர். நல்ல பங்களா, ஆனால் கொசுத் தொல்லை. தேடிப் பார்த்தால், ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டியில் புழுக்கள் நெளிகின்றன. தொட்டியைக் கவிழ்த்தார். கொசு குறைந்தது! சந்தோஷமாகப் போய் மேலதிகாரியிடம், "எல்லாத் தொட்டியையும் கவிழ்த்துவிடலாமே" என்றார். அதிகாரி மறுத்துவிட்டார். கொசுவும் இயற்கையின் ஏற்பாடு. நாம் தலையிடக் கூடாதாம்! இன்றைக்கு நம்ம தெருவில் டயருக்குள் தேங்கிய தண்ணீரைக் கொட்டச் சொல்லி வரும் பணியாளரிடம் நாம் பேசும் வசனத்துக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

அதே ராஸ் 1897 கோடையில் லீவ் எடுத்துக்கொண்டு ஊட்டிக்குப் போனார். மலேரியாவுக்குப் பெயர் போன சீகூர் மலைச்சரிவில் இறங்கி ஆராய்ச்சி செய்தார். உலகத்தில் மலேரியாவைப் பற்றி அவரைவிட அதிகம் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முன்ஜாக்கிரதையாகக் குயினைனும் சாப்பிட்டார். அப்படியும் காய்ச்சல் அவரை அடித்துப் போட்டது. ஊட்டி குளிரில் மலேரியா இல்லை. சில மைல் கீழே இறங்கினால் உண்டு. ஒரு நாள் பயணத்தில் ஆபத்தின் அளவே தலைகீழாக மாறுகிறது. அந்த வருடமே ஆகஸ்ட் 20-ல், செகந்தராபாத்தில், அனாபிலஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை அவர் கண்டுபிடித்தார். 1902-ல் நோபல் பரிசு.

நோபலுக்குப் பிறகு அவர் செய்த வேலை பலருக்குத் தெரியாது. கொசுவை விட்டுவிட்டுக் கணக்கில் இறங்கினார். ஆளுக்கு எத்தனை கொசு, அதில் எத்தனை மனிதனைக் கடிக்கும், கடித்ததில் எத்தனை கிருமி முற்றும் வரை உயிரோடு இருக்கும் என்று பெருக்கிக்கொண்டே போனார். கொசுவை அடியோடு ஒழிக்க வேண்டியதில்லை. ஒரு எல்லைக்குக் கீழே குறைத்தாலே மலேரியா தானாக அணைந்துவிடும் என்று கண்டுகொண்டார். நூறு வருடம் தாண்டியும், தொற்றுநோய்க் கணிப்பு செய்கிற அத்தனை பேரும் அந்தச் சமன்பாட்டின் பேரன் பேத்திகளைத்தான் வைத்துப் பிழைக்கிறார்கள்.

அதில் ஒரு பேரன் 2016-ல் ரியோ டி ஜெனிரோவில் அமர்க்களமாக வேலை செய்தான். ஆகஸ்ட்டில் ஒலிம்பிக்ஸ். பிரேசில் முழுக்க ஸிகா. மே மாதம் 150 நிபுணர்கள் கையெழுத்துப் போட்டு, "போட்டியைத் தள்ளி வையுங்கள், அல்லது வேறு ஊருக்கு மாற்றுங்கள்" என்று உலக சுகாதார நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார்கள். கோல்ஃப் நட்சத்திரங்கள் ரோரி மெக்கில்ராய், ஜேசன் டே எல்லாம் "நாங்க வரலைப்பா" என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

பிரேசில் விஞ்ஞானிகள் சிலர் அமைதியாகப் பென்சிலை எடுத்தார்கள். ஸிகாவைப் பரப்புவது டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசு. ரியோவில் டெங்குக் கணக்கு வருடக்கணக்காகக் கையில் இருக்கிறது. ஆகஸ்ட் அங்கே குளிர்காலம். கொசு சோம்பிக் கிடக்கும் மாதம். வருகிறவர்களோ இரண்டு மூன்று வாரம்தான் தங்குவார்கள். பெருக்கி வகுத்துப் பார்த்தால், பத்து லட்சம் பேர் வந்தால் இரண்டு பேருக்குக்கூட வராது என்றது கணக்கு. போட்டி நடந்தது. முடிந்தபின், வந்து போனவர்களில் ஒருவருக்கும் ஸிகா உறுதியாகவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

அதற்காகக் கர்ப்பிணிகளும் தாராளமாகப் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. போக வேண்டாம் என்ற ஆலோசனை கடைசிவரை அப்படியே இருந்தது. வாய்ப்பு சின்னதாக இருந்தாலும், நடந்துவிட்டால் நஷ்டம் ஒரு குழந்தையின் வாழ்க்கை. ஆபத்தை அளக்க வாய்ப்பு மட்டும் போதாது. வாய்ப்பையும் நஷ்டத்தையும் பெருக்க வேண்டும்.

இப்போது ஓசூருக்குத் திரும்புவோம். இன்றைக்கு இங்கிருந்து கப்பல் ஏறுகிறவன் சிப்பாய் இல்லை. மெக்கானிக், சர்வீஸ் இன்ஜினீயர், ரோஜாத் தோட்ட சூப்பர்வைசர். ஓசூரில் தயாராகும் டூவீலர்கள் ஆப்பிரிக்கச் சாலைகளில் டாக்ஸியாக ஓடுகின்றன. பாலிஹவுஸ் ரோஜா வளர்ப்பு தெரிந்தவனுக்குக் கென்யாவிலும் எத்தியோப்பியாவிலும் வேலை இருக்கிறது. கிளம்புவதற்கு முன் எல்லோரும் மறக்காமல் செய்யும் காரியம் ஒன்று உண்டு. மஞ்சள் காய்ச்சல் ஊசி. போட்டுக்கொண்டு, அதற்கான மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்துக்கொள்வார்கள். ஏனென்றால், அது இல்லாமல் மஞ்சள் காய்ச்சல் நாட்டிலிருந்து திரும்பி வந்தால் ஆறு நாள் தனியாக அடைத்து வைத்துவிடுவார்கள். இந்தியாவில் அந்த நோய் கிடையாது. பரப்பக்கூடிய கொசு மட்டும் ஏராளம். 1914-ல் பனாமா கால்வாய் திறப்பதற்கு முன்பே, 'கப்பலில் வந்து சேர்ந்துவிடுமோ' என்று பயந்து, எஸ்.பி. ஜேம்ஸ் என்ற டாக்டரை வெளிநாடு அனுப்பி ஆராயச் சொன்னது அன்றைய சர்க்கார். அந்தப் பயம் இன்றும் நியாயமானதுதான். ஊசியும் அருமையான ஊசி. பத்து நாளில் அட்டை செல்லுபடியாகும். 2016 முதல் அது ஆயுளுக்கும் செல்லும்.

ஆனால், கணக்கைப் பாருங்கள். ஊசி போடாமல் மேற்கு ஆப்பிரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் உள்ள பகுதியில் இரண்டு வாரம் தங்கினால், லட்சத்தில் சுமார் 50 பேருக்கு அந்த நோய் வரலாம், 10 பேர் சாகலாம் என்பது நிபுணர்களின் மதிப்பீடு. அதே பிராந்தியத்தில் தடுப்பு மாத்திரை சாப்பிடாமல் ஒரு மாதம் இருந்தால் மலேரியா வரும் வாய்ப்பு? நூற்றுக்கு இரண்டுக்கும் மேல். லட்சத்தில் இரண்டாயிரத்துக்கும் அதிகம்! சட்டம் கேட்கும் நோய்க்கு அட்டை இருக்கிறது. இருபது மடங்கு அதிக வாய்ப்புள்ள நோய்க்கு அட்டையும் இல்லை, கேட்க ஆளும் இல்லை.

இன்னொன்று. இந்த எண்களெல்லாம் பெரும்பாலும் ஐரோப்பியச் சுற்றுலாப் பயணிகளை வைத்துப் போட்டவை. அவர்கள் ஏ.சி. ஹோட்டலில் இரண்டு வாரம் தங்குகிறவர்கள். நம்ம ஆள் இரண்டு வருட கான்ட்ராக்ட்டில், தகரக் கூரை போட்ட அறையில், நான்கு பேரோடு தங்குகிறவன். அவனுக்கான பின்னம் வேறு.

"நம்ம ஊர்ல பார்க்காத கொசுவா?" என்று சிரிப்பான். இந்தச் சிரிப்புதான் எனக்குப் பயம். நம்மூரில் மலேரியா இப்போது ரொம்பவே அபூர்வம். மாநிலம் முழுக்க வருடத்துக்குச் சில நூறு பேர். அதிலும் பெரும்பாலும் வைவாக்ஸ் வகை. குளிர், நடுக்கம், மாத்திரை, நாலு நாளில் எழுந்து டீ குடிக்கப் போய்விடலாம். ஆப்பிரிக்காவில் ஆட்சி செய்வது ஃபால்சிபாரம். கவனிக்காமல் விட்டால் சில நாட்களில் மூளைக்கு ஏறி ஆளைக் கொல்லும். அதை எதிர்க்கும் சக்தி ஆப்பிரிக்கனுக்கு இருக்கிறது என்றால், மார்ஷலும் டல்லக்கும் பார்த்த அதே காரணத்தால்தான்: திரும்பத் திரும்பக் கடிபட்டு, பிழைத்து வந்ததால். அவனே ஐரோப்பாவில் சில வருடம் இருந்துவிட்டு ஊருக்குப் போனால் அந்தக் கவசம் தளர்ந்திருக்கும். பிரிட்டனில் பதிவாகும் மலேரியா நோயாளிகளில் பெரும் பகுதி, சொந்த ஊருக்கு உறவினர்களைப் பார்க்கப் போய்விட்டு வந்தவர்கள். கிருஷ்ணகிரிக்காரனுக்கோ அந்தக் கவசம் ஒருநாளும் இருந்ததில்லை. 1825-ல் சியரா லியோனில் போய் இறங்கிய வெள்ளைக்காரச் சிப்பாயும் அவனும், மலேரியா விஷயத்தில், ஒரே கட்சி.

எந்த நாடு என்று கேட்பதோடு நிறுத்தினாலும் தப்பு வரும். கென்யாவின் ரோஜாத் தோட்டங்கள் சூழ்ந்த நைவாஷா 6,000 அடி உயரத்தில் இருக்கிறது. மலேரியா பயம் குறைவு. அதே கென்யாவில் விக்டோரியா ஏரிக்கரைக் கிசுமுவுக்கு வேலையாக ஒரு வாரம் போனால் நிலைமை வேறு. பெங்களூர் - ஸ்ரீரங்கப்பட்டணம், ஊட்டி - சீகூர் கதைதான் மறுபடியும். எந்த மாத்திரை, போவதற்கு எத்தனை நாள் முன்னால் தொடங்குவது, திரும்பிய பிறகு எத்தனை நாள் தொடர்வது என்பதெல்லாம் மருந்துக்கு மருந்து மாறும். டாக்டரிடம் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். வந்து இறங்கிய அன்றே நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். கடித்து ஒரு வாரத்துக்குப் பிறகுதான், சில சமயம் ஒரு மாதம் கழித்துக்கூட, ஃபால்சிபாரம் வெளியே வரும். அதற்குள் பயணி பெங்களூர் விமான நிலையத்தில் இறங்கி, வீட்டுக்கு வந்து, கறிவிருந்து சாப்பிட்டு, குலதெய்வம் கோயிலுக்கும் போய்விட்டு வந்திருப்பார். காய்ச்சல் வந்ததும் தெருமுனை கிளினிக். சீசனைப் பார்த்து, "டெங்குவா இருக்கும், பிளேட்லெட் பார்த்துடலாம்" என்பார்கள். மலேரியாவிலும் பிளேட்லெட் குறையும்! இரண்டு நாள் அதில் போய்விடும்.

இதே கதை எதிர்த்திசையிலும் நடக்கிறது. சிப்காட் கம்பெனிகளுக்கு வேலைக்கு வரும் இளைஞர்களில் ஒடிசாக்காரர்களும் ஜார்க்கண்ட்காரர்களும் நிறைய. அந்த மாநிலங்களின் காட்டு மாவட்டங்களில் ஃபால்சிபாரம் இன்றும் இருக்கிறது. தீபாவளிக்கோ சட் பூஜைக்கோ ஊருக்குப் போய்விட்டு, மூன்று நாள் ரயிலில் நின்றுகொண்டே திரும்பி வந்து, ஷிஃப்ட்டில் சேர்ந்த பத்தாம் நாள் காய்ச்சலில் விழுகிற பையனுக்குப் பாஸ்போர்ட்டும் கிடையாது, மஞ்சள் அட்டையும் கிடையாது. அவனைப் பயணி என்று யாரும் எண்ணுவதே இல்லை. ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டில் பெயர் இருக்கும், வயது இருக்கும், எத்தனை நாளாகக் காய்ச்சல் என்பது இருக்கும். "கடைசியா எந்த ஊர்ல இருந்து வந்தே?" என்று கேட்டு எழுதும் டாக்டர் கிடைத்தால், ஒரு சொட்டு ரத்தத்தில் மலேரியா டெஸ்ட் எடுக்கக் கால் மணி நேரம்தான் ஆகும்.